முதலாளி ஆகிறாராம் தோழர்!

“இன்னும் எத்தனை காலத்துக்கு ஒருவனிடம் கைகட்டி நிற்பது? செட்டில்மெண்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ஒரு லேத் போட்டு, அதே வேலையைச் சொந்தமாக எடுத்துச் செய்தால் என்ன?”

தொழிற்பேட்டை டீக்கடைகளில் இந்தக் கேள்வி இன்று சர்வசாதாரணமாக அடிபடுகிறது. கேட்பவர் சோம்பேறி அல்ல; சங்கத்தின் விரோதியும் அல்ல. பெரும்பாலும் நல்ல கைத்திறன் உள்ளவர். இருபது ஆண்டு மெஷினோடு மல்லுக்கட்டியவர். நேற்று வரை வாயிற்கூட்டத்தில் கொடி பிடித்து நின்றவர். அவரைப் பார்த்து, ‘போகாதே, போனால் துரோகி’ என்று சொல்ல நாம் தயாராக இல்லை.

அவருடைய ஆத்திரம் நமக்குப் புரிகிறது. தன் வயதில் பாதிகூட ஆகாத சூப்பர்வைசர் பெயரைச் சொல்லி அதட்டுகிறான். ஐந்து நிமிஷம் பிந்தினால் அரை நாள் சம்பளம் போச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு கேட்டால், கேட்டவர் குற்றவாளி போல நிற்க வேண்டியிருக்கிறது. ‘சீ, இதுவும் ஒரு பிழைப்பா!’ என்று மானமுள்ள மனிதன் நினைப்பதில் தவறென்ன? சொந்தப் பட்டறை, சொந்த நேரம், சொந்தக் கணக்கு என்ற இந்த ஆசையைக் கேலி செய்கிறவன் தொழிலாளியின் மனத்தை அறியாதவன்.

நம் கேள்வி வேறு. வெளியே வருகிறவர் உண்மையில் முதலாளியை விட்டுத்தான் வெளியே வருகிறாரா? அல்லது முதலாளி தன் தோளில் இருந்த மூட்டையை இறக்கி இவர் தோளில் ஏற்றிவிட்டு, மூக்கணாங்கயிற்றை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறானா?

‘தானாக’ என்ற ஒரு சொல்

நோட்டீஸ் பலகையில் காகிதம் ஒட்டப்படுகிறது: ‘விருப்ப ஓய்வுத் திட்டம்’. எவருடைய விருப்பம் என்று மட்டும் அதில் எழுதியிருக்காது.

ஒரு தொழிலாளியை நிர்வாகம் ஆட்குறைப்புச் செய்தால் அதற்குச் சட்டம் உண்டு. முன்கூட்டி நோட்டீஸ் தர வேண்டும். பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டு சர்வீசுக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடாகத் தர வேண்டும். 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 1953-ல் சேர்க்கப்பட்ட இந்தப் பாதுகாப்பு எவரும் மனமிரங்கிப் போட்ட பிச்சையல்ல. பெரிய ஆலையானால் சர்க்காரின் முன் அனுமதியும் வேண்டும். 100 பேர் வேலை செய்யும் ஆலைக்கே அந்த அனுமதி கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 300 ஆக உயர்த்திவிட்டது. 250 பேர் உள்ள ஆலை இனி சர்க்காரின் வாசற்படி ஏறாமலே ஆட்குறைப்புச் செய்யலாம். விருப்ப ஓய்வு நோட்டீஸ்களை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இதில் இன்னொரு சூட்சுமம். தொழிலாளி ‘தானாக’ விலகினால் அது ஆட்குறைப்பே அல்ல என்று சட்டம் சொல்கிறது. ஆட்குறைப்பு அல்ல என்றால் அதற்குரிய நோட்டீசும் இல்லை, நஷ்டஈடும் இல்லை, அனுமதியும் இல்லை. ‘தானாக’ என்ற ஒரே சொல்லில் நிர்வாகம் மூன்று வாசல்களையும் மூடிவிடுகிறது. பிறகு நிர்வாகம் தருவதெல்லாம் திட்டத்தில் எழுதியுள்ள தொகைதான். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தொகையை உடைத்துப் பார்க்க வேண்டும். அதில் பணிக்கொடை எவ்வளவு? சேமநல நிதி எவ்வளவு? எடுக்காத லீவுக்கான சம்பளம் எவ்வளவு? இவை மூன்றும் நீங்கள் ஏற்கெனவே சம்பாதித்தவை; நாளைக்கே ராஜினாமா செய்தாலும் வரவேண்டியவை. உங்கள் பையிலிருந்ததையே எண்ணிக் காட்டி, ‘பார், எவ்வளவு தருகிறேன்’ என்கிறான் கெட்டிக்காரன். அவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் நிரந்தரத்துக்கு அவன் வைத்த விலை.

கணக்குப் போடுவோம்

இருபது ஆண்டு சர்வீசும் மாதம் 20,800 ரூபாய் சம்பளமும் உள்ள ஒரு டர்னரை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அலவன்ஸ் எதையும் சேர்க்கவில்லை. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் நாளொன்றுக்கு 800 ரூபாய். “வெளியே நாளுக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்தால் போதும், இருநூறு லாபம்” என்கிறார் தோழர். இங்கேதான் சறுக்குகிறது.

அவர் ஆண்டு முழுவதுமா வேலை செய்கிறார்? வார விடுமுறை 52. தமிழ்நாட்டின் 1958-ம் ஆண்டுச் சட்டப்படி தேசிய, பண்டிகை விடுமுறை 9. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் கூடிய லீவு ஏறக்குறைய 14. ஆக, மெஷின் முன் நிற்பது 290 நாள்தான். சம்பளம் வருவதோ பன்னிரண்டு மாதத்துக்கும். அந்த ஆண்டுச் சம்பளம் 2,49,600 ரூபாய். அதற்கு மேல் அவர் கண்ணில் படாமல் நிர்வாகம் கட்டுவது வேறு. முழுச் சம்பளத்துக்கும் 12 சதவீதம் பி.எப். கட்டும் கம்பெனியானால் ஆண்டுக்கு 29,952 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம் வீதம் 8,112 ரூபாய். பணிக்கொடை ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், அதாவது 12,000 ரூபாய். போனசை விட்டுவிடுவோம். கூட்டினால் 2,99,664. ஏறக்குறைய மூன்று லட்சம். இதை 290-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 1,033 ரூபாய்.

எண்ணூறு என்று நினைத்திருந்த கூலி உண்மையில் ஆயிரத்துக்கு மேல்! தோழர் சொன்ன ‘இருநூறு லாபம்’ இப்போதே நஷ்டமாகிவிட்டது.

இனி லேத் வருகிறது. செட்டில்மெண்டில் ஐந்து லட்சத்தை மெஷினுக்கும் ஷெட்டுக்கும் போட்டுவிட்டார். அந்தப் பணம் பாங்கில் கிடந்து ஆண்டுக்கு 7 சதவீதம் ஈன்றிருந்தால் 35,000 ரூபாய். அதையும் சேர்த்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,150 ரூபாய் தேவை. மின்கட்டணம், ஷெட் வாடகை, டூல், ஆயில், வேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டி ஆகியவை இதில் சேரவில்லை. வருஷத்தில் 290 நாளும் வேலை வரும் என்று யார் ஜாமீன்? ஆர்டர் குறைந்து 220 நாள்தான் வேலை என்றால் நாளுக்கு 1,520 ரூபாய் வந்தால்தான் பழைய நிலை. பழைய நிலை என்றால் முன்னேற்றம் அல்ல தோழர்களே, நின்ற இடத்திலேயே நிற்பது.

ஆகவே நாள் கூலி 1,600, 1,700 வரும்படி பீஸ் ரேட் பேச முடிகிறவர் போகலாம். அப்படிப் பேசும் திறமையும், அந்தத் திறமைக்கு ஆள் தேடி வரும் தொழிலும் உள்ளவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். கோவையின் எத்தனையோ பம்ப் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் அப்படிப்பட்ட கைகளால் வளர்ந்தவையே. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் பணக் கணக்கில் வராத ஒன்று உண்டு. பவர் பிரஸ்ஸில் விரல் போனால்? நிரந்தரத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உண்டு, குணமாகும் வரை கூலியில் பெரும்பகுதி உண்டு, ஊனம் நிரந்தரமானால் மாதாமாதம் உதவித் தொகை உண்டு. சொந்தப் பட்டறைக்காரருக்கு அதே பிரஸ், அதே விரல். ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் மனைவியின் தாலிக்கொடி. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும், தமக்கு விபத்துக் காப்பீடும் எடுக்காமல் ஷெட்டின் பூட்டைத் திறக்கவே கூடாது என்பது நம் கண்டிப்பான கருத்து.

தறி சொந்தம், கூலி யாருடையது?

சொந்தத் தொழில் என்றால் என்ன என்று அறிய வெகுதூரம் போக வேண்டாம். சோமனூருக்கும் பல்லடத்துக்கும் போனால் போதும்.

அங்கே விசைத்தறி வைத்திருப்பவர் தறிக்குச் சொந்தக்காரர். ஷெட் அவருடையது, கடன் அவருடையது, மின்கட்டணம் அவருடையது. பாவும் ஊடை நூலும் மட்டும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுக்கிறார். நெய்த துணியைத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குகிறார் தறிக்காரர். முதலாளியா, தொழிலாளியா? காகிதத்தில் முதலாளி. கூலிக்குக் காத்து நிற்பதில் தொழிலாளி.

2021 நவம்பரில் பேச்சுவார்த்தை நடந்து, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் பல்லடம் முதலிய ரகங்களுக்கு 20 சதவீதமும் கூலி உயர்வு என்று முடிவாயிற்று. முடிவானது கைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. 2025 மார்ச்சில் மறுபடியும் நின்றன. கவனியுங்கள்: தறிக்குச் சொந்தக்காரர்களே தறியை நிறுத்திப் போராடினார்கள்! மெஷின் சொந்தமாவதால் மட்டும் ஒருவன் விலை சொல்லும் நிலைக்கு வந்துவிடுவதில்லை. விலை சொல்ல வேண்டுமானால் ஒன்று, வாங்குகிறவன் பலர் இருக்க வேண்டும். அல்லது, விற்கிறவர்கள் ஒன்றாக நிற்க வேண்டும். சோமனூர்த் தறிக்காரர்கள் இரண்டாவதைக் கண்டுகொண்டார்கள். அவர்கள் தொழிற்சங்க மொழியில்தான் பேசுகிறார்கள்: கூலி உயர்வு, ஒப்பந்தம், வேலைநிறுத்தம்.

ஆலையை விட்டு வரும் நம் டர்னரின் கதியும் இதுதான். பெரும்பாலும் அவருடைய முதல் வாடிக்கைக்காரர் அவரை அனுப்பிய கம்பெனியே. ‘உனக்குத்தான் வேலை தெரியுமே, நீயே எடுத்துச் செய்’ என்பார்கள். முதல் ஆறு மாதம் தேனாக இருக்கும். பிறகு, பீஸ் ஒன்றுக்கு நாலணா குறைக்கச் சொல்வார்கள். குறைக்காவிட்டால் அடுத்த ஷெட் இருக்கிறது. ஒரு லாட் ‘ரிஜெக்ட்’ ஆனால் பொருளின் விலையையும் பில்லில் பிடித்துக்கொள்வார்கள். முன்பு ஆலையில் அதே தவறு நேர்ந்திருந்தால் ஒரு மெமோவோடு போயிருக்கும். பில் பாஸ் ஆக மூன்று மாதம். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் என்ன சொல்கிறது? எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பாங்க் ரேட்டைப் போல மும்மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி! படிக்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இருக்கும் ஒரே வாடிக்கைக்காரன் மீது எவர் புகார் எழுதுவார்? புகார் எழுதிய மறுநாள் ஜாப் வேறு ஷெட்டுக்குப் போய்விடும். அந்த உரிமையைப் பயன்படுத்தும் தைரியம் இரண்டாவது, மூன்றாவது வாடிக்கைக்காரன் வந்த பிறகுதான் வரும். ஆகவே, இரண்டு மூன்று இடத்தில் வேலை கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் ஒரே கம்பெனியின் வாய்ச்சொல்லை நம்பி ராஜினாமாக் கடிதம் எழுதுவது, கிணற்றை வெட்டாமல் ஏற்றம் வாங்குவதுதான்.

காகிதம் சொல்வதும் கோர்ட் சொன்னதும்

‘இவர் எங்கள் தொழிலாளி அல்ல, சுதந்திரமான காண்டிராக்டர்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் முதலாளியின் பொறுப்புத் தீர்ந்ததா? நம் சேலத்துப் பீடித் தொழிலாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இதற்குப் பதில் வாங்கித் தந்திருக்கிறார்கள்.

இலையும் புகையிலையும் முதலாளி கொடுத்தான். சுற்றிய பீடி முதலாளிக்கே திரும்பி வந்தது. நடுவில் ‘காண்டிராக்டர்’ என்று ஒருவர். அவரும் ஏழை, எழுதி நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர். தொழிலாளர்கள் அந்தக் காண்டிராக்டரின் ஆட்கள், எங்களுக்கும் அவர்களுக்கும் ஒட்டுறவு இல்லை என்றார்கள் முதலாளிகள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1964-ல் தீர்ப்பு வந்தது: இந்த ஒப்பந்தமெல்லாம் வெறும் போர்வை, காண்டிராக்டர் எனப்படுகிறவர் முதலாளியின் ஏஜெண்டு போன்றவரே, பீடி சுற்றுகிறவர்கள் முதலாளியின் தொழிலாளிகளே. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதல்ல, உண்மையில் யார் யாரை ஆட்டி வைக்கிறார் என்பதே கேள்வி என்ற நியாயம் நம் பக்கத்து மண்ணில் வென்றெடுத்தது.

அதே நியாயத்தைத்தான் 2021 பிப்ரவரியில் பிரிட்டனின் சுப்ரீம் கோர்ட்டும் ஊபர் டிரைவர்கள் வழக்கில் சொன்னது. கார் டிரைவருடையது; ஆனால் கட்டணம், நிபந்தனை எல்லாம் கம்பெனியுடையது; ஆகவே அவர் தொழிலாளி என்றது. நம் ஊரில் சாப்பாட்டுப் பொட்டலத்தை முதுகில் சுமந்து மழையில் ஓடும் பையனைக் கம்பெனி ‘பார்ட்னர்’ என்று அழைக்கிறது. பங்காளியாம்! லாபத்தில் பங்கு எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. நம்மூரில் பங்காளி என்ற சொல்லுக்கு, வரப்புக்காகக் கோர்ட்டில் எதிர்த்து நிற்கிறவன் என்றும் ஒரு பொருள் உண்டு. கம்பெனிக்காரர்கள் அந்தப் பொருளில் சொல்கிறார்களோ என்னவோ.

ஆகவே தனியாகத் தொழில் செய்யப் போகும் தோழர், ஒப்பந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவரட்டும். வேலை நேரத்தைக் கம்பெனி நிர்ணயிக்கிறதா, வேறு இடத்து வேலையை எடுக்கக் கூடாது என்று தடுக்கிறதா, மெஷினைக்கூடக் கம்பெனியே தருகிறதா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்றால் அவர் காண்டிராக்டர் அல்ல, பி.எப். இல்லாத தொழிலாளி. டெலிவரி சலான், பில், வாட்ஸ்அப்பில் வரும் உத்தரவு எதையும் தூக்கி எறிய வேண்டாம். நாளைக்கு அவையே சாட்சி.

இரண்டு பையன்களை வேலைக்கு வைத்த பிறகு

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது.

வேலை பெருகுகிறது. தோழர் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. இரண்டு பையன்களை வைக்கிறார். ஒருவன் பீகாரிலிருந்து வந்தவன், ஷெட்டிலேயே படுத்துக்கொள்கிறான். கம்பெனி பீஸ் ரேட்டைக் குறைத்த மாதம் தோழர் எங்கே கை வைப்பார்? மின்வாரியம் குறைக்காது. ஷெட் முதலாளி குறைக்க மாட்டார். மிஞ்சுவது அந்தப் பையன்களின் கூலி. நேற்று வரை ‘எட்டு மணி நேர வேலை’ என்று கோஷமிட்ட தொண்டை இன்று இரவு பத்து மணிக்கு, ‘இந்த லாட்டை முடித்துவிட்டுப் படுடா’ என்கிறது. பொதுவாகப் பத்துப் பேர் இல்லாத பட்டறைக்கு இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை, இருபது பேர் இல்லாவிட்டால் பி.எப். கட்டாயமில்லை. பெரிய கம்பெனி தன் வேலையைத் துண்டு துண்டாகச் சிறு ஷெட்டுகளுக்கு அனுப்புவதன் ரகசியமே இதுதான். சட்டம் எட்டாத இடத்துக்கு வேலையை அனுப்புகிறான். அங்கே அவனுக்காகக் கங்காணி வேலை பார்ப்பது நம் தோழர்!

அவரைக் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. அவர் நிற்கும் இடம் அப்படிச் செய்ய வைக்கிறது. ஆனால் ஒன்று கேட்போம். பட்டறை எவ்வளவு சிறியதானாலும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அதற்குப் பொருந்தும். தன் பீஸ் ரேட்டைப் பேசும்போதே, தன்னிடம் வேலை செய்கிறவனின் முழுக் கூலியையும் ஓவர்டைமையும் அதற்குள் வைத்துப் பேச வேண்டும். அந்த ரேட்டுக்குக் கம்பெனி ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த ஆர்டர் வேண்டாம். இதைக் கட்சித் தோழரிடம் எதிர்பார்க்காமல் வேறு எவரிடம் எதிர்பார்ப்பது?

சேர்ந்து வெளியேறியவர்கள்

வெளியேறுவதிலும் இருவகை உண்டு. ஒருவர் ஒருவராக வெளியேறி ஒருவர் ரேட்டை ஒருவர் குறைத்துக்கொள்வது ஒரு வகை. சேர்ந்து வெளியேறுவது மறுவகை. காப்பி போர்டு தன் காப்பி ஹவுஸ்களை மூடி ஊழியர்களை வெளியே தள்ளியபோது, தோழர் ஏ.கே. கோபாலன் வழிகாட்ட அவர்கள் என்ன செய்தார்கள்? தனித்தனியாக டீக்கடை வைக்கவில்லை. 1957-ல் பெங்களூரிலும் 1958-ல் திருச்சூரிலும் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். காப்பி கொண்டுவந்து வைக்கும் தொழிலாளியே அந்தக் கடையின் சொந்தக்காரன் ஆனான். பீடித் தொழிலாளர்களுக்கான 1966-ம் ஆண்டுச் சட்டம் அமலாகப் போகிறது என்றதும் வடகேரளத்தில் முதலாளிகள் பீடிக் கம்பெனிகளை மூடினார்கள்; தெருவில் நின்ற தொழிலாளர்கள் 1969-ல் கண்ணூரில் தினேஷ் பீடிக் கூட்டுறவை உண்டாக்கினார்கள். எல்லாக் கூட்டுறவும் வெல்லும் என்று நாம் சொல்ல வரவில்லை. புகையிலையின் மவுசு குறைந்தபோது தினேஷே வேறு தொழில்களைத் தேட வேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு ஷாப்பில் எட்டுப் பேர் விருப்ப ஓய்வுக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், எட்டு லேத் வாங்குவதா, ஒரே ஷெட்டில் நல்ல சி.என்.சி. மெஷின் ஒன்றும் லேத் நான்கும் வைப்பதா என்று உட்கார்ந்து பேச வேண்டாமா? ஒரு பில், ஒரு ரேட், ஒருவர் காய்ச்சலில் படுத்தால் வேலையை முடிக்க ஏழு பேர்!

இதற்குச் சங்கமும் மாற வேண்டும். செட்டில்மெண்ட் வாங்கிய நாளோடு பெயரை ரிஜிஸ்டரிலிருந்து அடித்துவிடும் வழக்கம் பல சங்கங்களில் இருக்கிறது. முதலாளி இல்லாதவனுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்கிறார்கள். 1972-ல் ஆமதாபாதில் எலா பட் அம்மையார் தெருவில் காய்கறி விற்கும் பெண்களையும், கூலிக்குத் தைக்கும் பெண்களையும் சேர்த்து ‘சேவா’ சங்கத்தைப் பதியப் போனபோதும் அதிகாரிகள் இதையே கேட்டார்கள். யாரை எதிர்த்துப் போராடுவீர்கள் என்றார்கள். சங்கம் தொழிலாளர்கள் ஒன்றுபடுவதற்கு, ஒருவனை எதிர்ப்பதற்கு மட்டும் அல்ல என்று வாதாடிப் பதிவும் பெற்றார்கள் அந்தப் பெண்கள். தமிழ்நாட்டில் 2023-ல் செயலி வழித் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைந்ததும், அமைப்பு இல்லாதவர்கள் அமைப்பாகிக் கேட்டதால்தான்.

நம் சங்கங்களின் துணைவிதியில், ஜாப் ஒர்க் செய்யும் முன்னாள் ஊழியரும் உறுப்பினராகலாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இரண்டுக்கு மேல் ஆள் வைத்திருப்பவருக்கு ஓட்டுரிமை உண்டா, கூலி நிர்ணயக் கமிட்டியில் அவர் உட்காரலாமா என்பதெல்லாம் பேச வேண்டிய விஷயங்கள். அவருடைய பட்டறைப் பையன்களையும் அதே ரிஜிஸ்டரில் சேர்ப்பது என்றால் பாதிச் சிக்கல் தீரும். வட்டாரத்தில் எந்தக் கம்பெனி எந்த ஜாபுக்கு என்ன ரேட் தருகிறது, பில்லை எத்தனை நாள் இழுக்கிறது என்று ஒரு நோட்டு சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். புதிதாக ரேட் பேசப் போகிறவர் அதைப் பார்த்துவிட்டுப் போகட்டும். 45 நாள் தாண்டிய பில்லுக்குப் புகாரைத் தனி ஆள் எழுதுவதை விட, பத்துப் பேருடைய பில்லைச் சேர்த்துச் சங்கம் நின்று எழுத வைப்பது மேல். சந்தாவைத்தான் யோசிக்க வேண்டும். மாதாமாதம் ஒரே வருமானம் வராதவரிடம் மாதச் சந்தா சரிப்படாது. தீபாவளிக்கு முந்தைய ஆர்டர் பணம் கைக்கு வரும் நேரத்தில் ஆண்டுச் சந்தாவாக ஒரே தடவை வாங்கிக்கொள்ளலாம். அடுத்த பொதுக்குழுவின் அஜெண்டாவில் இதை வைக்கும்படி கிளைச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.